எண்ணெய் ஊறிய கடற்சேற்றை பாக்டீரியாவால் சுத்தம் செய்வது எப்படி?

எண்ணெய் தின்னும் பாக்டீரியாவை டப்பாவில் வாங்கிவந்து தூவினால் வேலை முடிந்தது என்ற எண்ணத்தோடு இதில் இறங்குபவர்கள்தான் அதிகம். பணம் வீணாவது அங்கேதான். கடலில் எங்கு ஒரு பிடி சேற்றை அள்ளினாலும் எண்ணெயைச் சிதைக்கும் பாக்டீரியா அதில் கொஞ்சமாவது இருக்கும். 1998-இல் பெயரிடப்பட்ட அல்கானிவோராக்ஸ் போர்குமென்சிஸ், எண்ணெயிலுள்ள நேர்ச்சங்கிலி ஆல்கேன்களைத் தின்னும். சைக்ளோகிளாஸ்டிகஸ், வளையங்கள் கொண்ட அரோமாட்டிக் சேர்மங்களைத் தின்னும். சுத்தமான கடல்நீரில் தேடினாலும் சிக்காத அளவு அரிதான இவை, எண்ணெய் வந்து சேர்ந்ததும் மளமளவென்று பெருகி அந்த இடத்தையே பிடித்துக்கொள்ளும்.

அப்படியிருந்தும் சேற்றில் எண்ணெய் ஆண்டுக்கணக்கில் கிடக்கக் காரணம், அங்கே பாக்டீரியாவுக்கு மூச்சு முட்டுகிறது. 1 கிராம் எண்ணெயைக் கரியமில வாயுவாகவும் நீராகவும் மாற்ற ஏறத்தாழ 3.4 கிராம் ஆக்சிஜன் வேண்டும். 25 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் கடல்நீரில் கரைந்திருப்பது சுமார் 7 மில்லிகிராம்தான். ஆக, 1 கிராம் எண்ணெய்க்குக் கிட்டத்தட்ட 490 லிட்டர் கடல்நீரின் ஆக்சிஜன் முழுவதும் தேவை. நுண்சேற்றுக்குள்ளோ ஆக்சிஜன் மேலிருந்து சில மில்லிமீட்டர் ஆழம்தான் இறங்கும்.

1989 மார்ச் 24 அன்று அலாஸ்காவில் எக்ஸான் வால்டெஸ் கப்பல் தரைதட்டி எண்ணெய் கொட்டியபோது, 1991 வரை அந்தக் கரைகளில் இனிபோல் என்ற திரவ உரமும் கஸ்டம்பிளன் என்ற குருணை உரமும் இடப்பட்டன. மேற்பரப்பில் அது நன்றாகவே வேலை செய்தது. ஆனால் 2001-இல் அதே கரைகளைத் தோண்டிப் பார்த்தபோது, கற்களுக்கு அடியில் அதிகம் சிதையாத எண்ணெய் இன்னும் இருந்தது. அந்த ஆழத்தில் ஆக்சிஜன் மிகக் குறைவு என்பது பின்னர் அளந்து உறுதிசெய்யப்பட்டது. இந்த வேலையில் எந்த முடிவெடுத்தாலும் ஆக்சிஜன் எப்படிப் போய்ச் சேரும் என்ற கேள்வியைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

முதலில் சேற்றைப் பாருங்கள்

கையால் அள்ளக்கூடிய எண்ணெயை அள்ளி முடித்த பிறகே இந்த முறைக்கு வர வேண்டும். பாக்டீரியா எண்ணெயும் நீரும் தொடும் விளிம்பில்தான் வேலை செய்யும். குட்டையாகத் தேங்கியதையும் தார்ப்பாளமாக இறுகியதையும் அதனால் உள்ளே புகுந்து தின்ன முடியாது. கசிவு நின்றுவிட்டது என்பதையும் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

பிறகு 7 செ.மீ. விட்டமும் 50 செ.மீ. நீளமும் உள்ள கண்ணாடி போன்ற அக்ரிலிக் குழாயை நேராகச் சேற்றில் அழுத்துங்கள். மேல்வாயை ரப்பர் அடைப்பானால் மூடிவிட்டு மெல்ல இழுத்தால் சேறு வழியாமல் குழாயோடு வரும். உடனே அடிவாயையும் மூடுங்கள். குழாயை வெளிச்சத்தில் பிடித்தால் கதை முழுவதும் தெரியும்: மேலே சில மில்லிமீட்டர் பழுப்பு, அதுவரைதான் ஆக்சிஜன். அதன்கீழ் சாம்பல் நிறம். அதற்கும் கீழே கருகரு என்ற அடுக்கு, அது இரும்பு சல்பைடு. புழுவளை ஒன்று குறுக்கே போயிருந்தால், கருப்புக்குள்ளும் வளையைச் சுற்றி மட்டும் பழுப்பு வளையம் இருக்கும். அந்தப் புழு உடலை அசைத்துத் தண்ணீரை உள்ளே இறைக்கிறது. ஆக்சிஜன் அந்த வழியாக இறங்குகிறது. இப்படி வளைகள் நிறைய இருக்கும் சேற்றைக் கிளறிக் கெடுக்காதீர்கள். எந்த இயந்திரமும் அவ்வளவு மலிவாகக் காற்றுக் கொடுக்காது.

கருப்பெல்லாம் எண்ணெய் அல்ல. கொஞ்சம் சேற்றைத் தண்ணீரில் கரைத்து, மேலே மிதக்கும் படலத்தைக் குச்சியால் கலக்குங்கள். கண்ணாடிச் சில்லுபோல உடைந்து அப்படியே நின்றால் அது இரும்பு பாக்டீரியாவின் படலம். சுழன்று மறுபடி ஒன்றாகக் கூடினால் எண்ணெய்.

குழாயிலிருந்து தள்ளி எடுக்கும் சேற்றை மேல்பகுதியில் 2 செ.மீ. வீதமும் கீழே 5 செ.மீ. வீதமும் அரிந்துகொள்ளுங்கள். ஒவ்வொரு வில்லையின் வெளி ஓரத்திலும் அரை செ.மீ. சுரண்டி எறிய வேண்டும். குழாய் இறங்கும்போது மேல் எண்ணெயைக் கீழே இழுத்துப் பூசியிருக்கும். இதைச் செய்யாமல், ஆழத்திலும் எண்ணெய் என்று தப்பாகக் கணக்கிட்டுத் தேவையில்லாமல் தோண்டியவர்கள் உண்டு. மாதிரியைக் கண்ணாடிக் குப்பியில் போட்டு மைனஸ் 20 டிகிரியில் வையுங்கள். பிளாஸ்டிக் டப்பா கூடாது. அது எண்ணெயை உறிஞ்சும், தன் சேர்மங்களையும் விடும்.

ஆய்வகத்தில் கேட்க வேண்டியவை: மொத்தப் பெட்ரோலிய ஹைட்ரோகார்பன், அரோமாட்டிக் சேர்மங்களின் பட்டியல், ஹோப்பேன், நுண்துகள் அளவு, உலர் எடை, துளைநீரில் (சேற்றுத் துகள்களுக்கு இடையே நிற்கும் நீரில்) நைட்ரேட், அம்மோனியா, சல்பேட். ஹோப்பேனை எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள். ஏன் என்பது கீழே வரும்.

பாக்டீரியா சேர்க்க வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். 1994-இல் அமெரிக்காவின் டெலவேர் விரிகுடாக் கரையில் மனைகள் பிரித்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். உரம் மட்டும் இட்ட மனையைவிட, உரத்தோடு பாக்டீரியாவும் சேர்த்த மனை மேலானதாக இல்லை. வெளியிலிருந்து போடுபவை அலையில் அடித்துப்போகும், புரோட்டோசோவாவுக்கு இரையாகும், ஊர்க்காரப் பாக்டீரியாவோடு போட்டியிட முடியாமல் மடியும். ஆனந்த மோகன் சக்கரவர்த்தி மரபணு மாற்றி உருவாக்கிய, எண்ணெய் தின்னும் பாக்டீரியாவுக்குக் காப்புரிமை உண்டு என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1980-இல் தீர்ப்பளித்தது. பெரிய தீர்ப்பு, ஆனாலும் அந்த பாக்டீரியாவைக் கடல் கசிவைச் சுத்தம் செய்ய இறக்கியதில்லை.

விற்பவர்கள் காட்டும் சோதனைகளில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. குலுக்கும் குப்பியில் சேறு கரைசலாகிவிடும், ஆக்சிஜன் தாராளமாகக் கிடைக்கும், எண்ணெய் வேகமாகக் குறையும். அசையாமல் கிடக்கும் கடலடியில் அந்த வேகம் வராது. சேர்க்காத குப்பி, கொன்ற பாக்டீரியாவைச் சேர்த்த குப்பி, உரம் மட்டும் இட்ட குப்பி என மூன்று ஒப்பீடும் காட்டச் சொல்லுங்கள்.

தேவையா என்று தெரிந்துகொள்ள எண்ணிப் பாருங்கள். 96 குழித் தட்டில் புஷ்னெல்-ஹாஸ் ஊடகத்தை (கார்பன் இல்லாத சத்துக் கரைசல்) 2 சதவீத உப்போடு ஊற்றி, ஒவ்வொரு குழியிலும் உணவாக ஒரு துளி ஹெக்ஸாடெக்கேன் என்ற ஆல்கேனை விட்டு, சேற்றுக் கரைசலைப் பத்துப் பத்து மடங்காக நீர்த்துச் சேருங்கள். 20 டிகிரியில் இரண்டு வாரம் கழித்து ஐ.என்.டி. என்ற டெட்ராசோலியம் சாயத்தை விட்டால், பாக்டீரியா வளர்ந்த குழி செந்நிறமாகும். எத்தனை மடங்கு நீர்த்த குழி வரை செந்நிறம் வந்தது என்பதிலிருந்து எண்ணிக்கையைக் கணக்கிடலாம். கிராமுக்கு 1 லட்சத்துக்கு மேல் இருந்தால் பாக்டீரியாவைப் பற்றிய கவலையை விடுங்கள். எண்ணெய் கலந்து சில வாரங்கள் ஆகியும் 1,000-க்குக் கீழே இருந்தால் மட்டும் சேர்ப்பதைப் பற்றி யோசிக்கலாம்.

அப்போதும் அதே இடத்துச் சேற்றிலிருந்தே வளர்த்துக்கொள்வது நல்லது. 10 கிராம் சேற்றை 100 மி.லி. ஊடகத்தில் 1 சதவீத எண்ணெயோடு ஒரு வாரம் குலுக்குங்கள். அதில் 10 மி.லி. எடுத்துப் புதிய ஊடகத்துக்கு மாற்றுங்கள். மூன்று முறை மாற்றிய பிறகு, 200 லிட்டர் டிரம்மில் கடல்நீர், 1 லிட்டர் அதே எண்ணெய், 450 கிராம் சோடியம் நைட்ரேட், நன்னீரில் தனியாகக் கரைத்த 40 கிராம் டி.ஏ.பி. சேர்த்து, மீன்தொட்டிக்கு விடுவதுபோலக் காற்றை விட்டுப் பெருக்குங்கள். மி.லி.க்கு 10 கோடி செல்கள் வந்துவிட்டால் அந்த டிரம் 18 டன் சேற்றுக்குக் கிராமுக்கு 10 லட்சம் வீதம் போதும்.

கணக்கு

10 மீட்டருக்கு 10 மீட்டர் இடம், 15 செ.மீ. ஆழம் வரை எண்ணெய் என்று வையுங்கள். கன அளவு 15 கன மீட்டர். வண்டல் கலந்த மணலுக்கு உலர் அடர்த்தி கன மீட்டருக்கு 1.2 டன் என்றால் உலர் எடை 18,000 கிலோ. எண்ணெய் கிலோவுக்கு 8,000 மில்லிகிராம் என்றால் மொத்தம் 144 கிலோ. இதில் பாதி, அதாவது 72 கிலோ, சிதையக்கூடியது என்று கொள்வோம். எண்ணெயில் சுமார் 85 சதவீதம் கார்பன். ஆக 61 கிலோ கார்பன். கார்பன் 100-க்குத் தழைச்சத்து 10, மணிச்சத்து 1 என்ற விகிதத்தில் நைட்ரஜன் 6.1 கிலோ, பாஸ்பரஸ் 0.6 கிலோ. சோடியம் நைட்ரேட்டாக இட்டால் 38 கிலோ. 46 சதவீதம் P₂O₅ (அதாவது சுமார் 20 சதவீதம் பாஸ்பரஸ்) கொண்ட டிரிபிள் சூப்பர் பாஸ்பேட் 3 கிலோ.

இந்த 38 கிலோவையும் ஒரே நாளில் கொட்டுவதுதான் நாம் அதிகம் பார்க்கும் தவறு. சேற்றின் துளைகளில் இருக்கும் நீர் பாதி அளவு, அதாவது 7.5 கன மீட்டர். மொத்தத்தையும் போட்டால் லிட்டருக்கு 800 மில்லிகிராம் நைட்ரஜன் ஆகிவிடும். பாக்டீரியாவுக்கு வேண்டியதோ லிட்டருக்கு 2 முதல் 10 மில்லிகிராம். மிச்சம் கடலுக்குப் போய்ப் பாசியை வளர்க்கும். யூரியா என்றால் இன்னும் மோசம். அது அம்மோனியாவாக மாறும், கடல்நீரின் பி.எச். 8-ஐ ஒட்டி இருப்பதால், நச்சான கரைந்த அம்மோனியா வாயுவாக ஒரு பங்கு நிற்கும். நண்டும் மீன்குஞ்சும் சாகும். முதலில் துளைநீரை அளந்துவிடுங்கள். கழிவுநீர் கலக்கும் முகத்துவாரங்களில் நைட்ரஜன் ஏற்கெனவே போதுமான அளவில் இருக்கும். அங்கே உரமே வேண்டாம்.

இப்போது ஆக்சிஜன். 72 கிலோ எண்ணெய்க்குச் சுமார் 245 கிலோ. கடல்நீர் வழியாக மட்டும் கொண்டுவர வேண்டுமானால் 35,000 கன மீட்டர் நீர் அந்தச் சேற்றுக்குள் புகுந்து வர வேண்டும். காற்றில் என்றால், ஒரு கன மீட்டரில் 0.27 கிலோ ஆக்சிஜன் இருப்பதால், 900 கன மீட்டரே போதும். பத்தில் ஒரு பங்குதான் பயன்படும் என்றாலும் 9,000 கன மீட்டர். மணிக்கு 10 கன மீட்டர் தள்ளும் சின்ன ப்ளோயர் 38 நாள் ஓடினால் தீர்ந்தது. நீரடியில் காலம் பிடிக்கும் வேலை கரையில் சீக்கிரம் முடிவது இதனால்தான். கால்சியம் பெராக்சைடு போட்டு ஈடுகட்டலாமா என்று கேட்பார்கள். சுத்தமான பெராக்சைடு கூடத் தன் எடையில் 22 சதவீத ஆக்சிஜன்தான் தரும். இந்த மனைக்கு ஒரு டன்னுக்கு மேல் வேண்டும், பி.எச்.சும் ஏறும். சின்னச் சின்னத் திட்டுகளுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஓதம் ஏறி இறங்கும் கரையில்

மணற்பாங்கான இடம் என்றால் இங்கேயே செய்யலாம். கடல் வற்றியிருக்கும்போது ஒரு குழி தோண்டிப் பாருங்கள்: சில நிமிடங்களில் தண்ணீர் ஊறினால் மண்ணில் ஓட்டம் இருக்கிறது. மணிக்கணக்கில் ஊறாமல் கிடந்தால் அது சேறு. உரம் மேலேயே நின்றுவிடும்.

ஓட்டம் உள்ள இடத்தில் மேல் 10-15 செ.மீ. மண்ணை வற்றிய நேரத்தில் வாரியால் கிளறி விடுங்கள். அதற்குமேல் ஆழம் போனால் மேல் எண்ணெயைக் கீழே புதைத்தவர்களாவோம். அலையாத்திக் காட்டிலும் புல்வெளிச் சதுப்பிலும் கிளறவே கூடாது, ஆள் நடமாட்டம்கூடக் கூடாது. ஒரு கால்தடம் போதும் எண்ணெயை முழங்கை ஆழத்துக்கு அழுத்திவிட. அங்கே பலகை போட்டு நடந்து, உரம் மட்டும் வைத்துவிட்டுத் திரும்புங்கள்.

கரைசலாகத் தெளிப்பதானால் நாள் பார்த்துத் தெளிக்க வேண்டும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் ஓதம் கரை முழுவதையும் முக்கும். தெளித்த உரம் ஒரே நாளில் கழுவிப் போய்விடும். அட்டமி, நவமியை ஒட்டி ஓதம் அடங்கியிருக்கும் நாள்களில் இட்டால் அதிகம் தங்கும். எங்கள் தேர்வு, பூச்சுள்ள மெதுவாகக் கரையும் குருணைதான். நைலான் வலைப்பையில் கட்டி, எண்ணெய் உள்ள பட்டையின் மேல்விளிம்பில் 10 செ.மீ. பள்ளத்தில் புதைத்து முளையடித்து வையுங்கள். இறங்கும் நீர் சத்தைக் கீழே இழுத்துச் செல்லும். சும்மா தூவிய குருணை அடுத்த அலையிலேயே போய்விடும். வாரம் ஒருமுறை துளைநீரின் நைட்ரேட்டை அளந்து, 2 மில்லிகிராமுக்குக் கீழே வந்தால் பையை மாற்றுங்கள்.

நீரடிச் சேற்றில்

எப்போதும் நீருக்குள் கிடக்கும் சேற்றில் ஆக்சிஜனை நம்பிப் பயனில்லை. அங்கே சல்பேட்டைச் சுவாசிக்கும் பாக்டீரியா இருக்கிறது. லிட்டர் கடல்நீரில் சல்பேட் 2.7 கிராம்; 1 கிராம் எண்ணெய்க்குத் தேவை சுமார் 5 கிராம். மேலே சொன்ன மனைக்கு 35,000 கன மீட்டருக்குப் பதில் 140 கன மீட்டர் கடல்நீரே போதும். ஆனால் இது மெதுவான வழி, ஆண்டுகள் பிடிக்கும். உண்டாகும் சல்பைடு இரும்போடு சேர்ந்து கருப்பாகப் படியும். இரும்பு தீர்ந்தால் ஹைட்ரஜன் சல்பைடாக வெளிவரும். எண்ணெய் அளவு குறைவாகவும், அந்த இடத்தில் அலையரிப்பு இல்லாமலும் இருந்தால், தொடாமல் விட்டு ஆண்டுக்கு இருமுறை அளந்து வருவதே நேர்மையான பரிந்துரை. ஒரு முனை சேற்றிலும் மறுமுனை மேல்நீரிலும் இருக்கும்படி கிராஃபைட் கம்பியை நட்டு, பாக்டீரியா வெளிவிடும் எலக்ட்ரான்களை மேல்நீரிலுள்ள ஆக்சிஜனுக்குக் கடத்தும் உத்தியும் இருக்கிறது. ஆய்வகத்தில் நம்பிக்கை தருகிறது. பெரிய பரப்பில் இதை மட்டும் நம்பித் திட்டமிட வேண்டாம்.

தூர்வாரிக் கரையில் குவித்தால்

அதிக எண்ணெயும் நுண்சேறும் சேர்ந்திருந்தால் இதுதான் வழி. கிலோவுக்கு 50,000 மில்லிகிராமுக்கு மேல் எண்ணெய் இருந்தால் சுத்தமான மண்ணைக் கலந்து குறைத்துக்கொள்ளுங்கள்.

1.5 மி.மீ. கனமுள்ள எச்.டி.பி.இ. (அடர்த்தி மிகுந்த பாலிஎதிலீன் பிளாஸ்டிக்) விரிப்பை ஒரு பக்கம் சரிவாக விரித்து, வடியும் நீர் தொட்டிக்குப் போக வழி விடுங்கள். அதன்மேல் ஜல்லி, அதற்குள் துளையிட்ட 100 மி.மீ. குழாய்கள் 2 மீட்டர் இடைவெளியில். சேற்றை நீர் வடியவிட்டு, கன அளவில் கால் பங்கு மரச்சில்லு கலந்து 1.5 முதல் 2 மீட்டர் உயரம் குவியுங்கள். மரச்சில்லு இல்லாமல் குவித்தால் நுண்சேறு தன் பாரத்திலேயே அமுங்கும். காற்று ஓரிரு வெடிப்பு வழியே தப்பி ஓடிவிடும். உள்ளே கருப்பு அப்படியே இருக்கும். காற்றை ஊதுவதைவிட உறிஞ்சுவது மேல். ஆவியாகும் பென்சீன் போன்றவற்றை உறிஞ்சுகுழாயின் முனையில் செயலூட்டிய கரி நிரப்பிய தொட்டி வைத்துப் பிடிக்கலாம். மேலே தார்ப்பாய் போடுங்கள்.

உப்பை முதலில் நன்னீரால் கழுவிவிடும் பழக்கம் தவறு. வேலை செய்வது உப்பில் பழகிய பாக்டீரியா; ஈரம் குறைந்தால் கடல்நீரையே தெளியுங்கள். மண்ணை வேறிடத்தில் பயன்படுத்துவதற்காக உப்புக் குறைய வேண்டுமென்றால் எண்ணெய் சிதைந்த பிறகு கழுவுங்கள். கையில் பிடித்து அமுக்கினால் உருண்டை நிற்க வேண்டும், விரலிடுக்கில் நீர் சொட்டக் கூடாது. அதுதான் சரியான ஈரம்.

முதல் மாதத்தில் பி.எச்.சை இரண்டு நாளுக்கு ஒருமுறை பாருங்கள். இரும்பு சல்பைடு காற்று பட்டுக் கந்தக அமிலமாகும். பி.எச். 6-க்குக் கீழே இறங்கினால் சிதைவு படுத்துவிடும், உலோகங்களும் கரைந்து வடியும். சுண்ணாம்புக்கல் தூளைக் கலந்து 7-ஐ ஒட்டி நிறுத்துங்கள்.

குவியலுக்குள் ஆக்சிஜன் 5 சதவீதத்துக்குக் கீழே போகாமல் ப்ளோயரை விட்டு விட்டு ஓட்டினால் போதும். மாதம் ஒருமுறை ப்ளோயரை நிறுத்திவிட்டு, உள்ளே ஆக்சிஜன் எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று மணிக்கொருமுறை குறித்து வாருங்கள். ஒரு நாளில் 1 சதவீதப் புள்ளிகூட இறங்கவில்லை என்றால் பாக்டீரியா நின்றுவிட்டது: ஈரமோ தழைச்சத்தோ தீர்ந்திருக்கும், அல்லது தின்ன வேண்டியதைத் தின்று முடித்திருக்கும். முதல் வாரங்களில் இந்த அளவை நம்ப வேண்டாம். சல்பைடும் ஆக்சிஜனை இழுப்பதால், கரியமில வாயுவும் சேர்ந்து ஏறுகிறதா என்று பார்த்தே முடிவு செய்யுங்கள்.

கருஞ்சேற்றைக் கிளறும் வேலையில் ஹைட்ரஜன் சல்பைடு உயிருக்கே ஆபத்து. படகின் அடித்தளம், மூடிய தொட்டி போன்ற இடங்களில் 10 பி.பி.எம். (காற்றில் பத்து லட்சத்தில் 10 பங்கு) அளவில் ஒலிக்கும் கருவி இல்லாமல் யாரையும் இறக்காதீர்கள். 100 பி.பி.எம்.மை நெருங்கும்போது மூக்கு மரத்துவிடும். நாற்றம் நின்றுவிட்டது என்று ஆள் நிம்மதியாவது அந்த நேரத்தில்தான்.

குறைந்ததா, கலைந்துபோனதா?

மொத்த எண்ணெய் அளவு பாதியானது என்ற அறிக்கையை மட்டும் வைத்து மகிழ வேண்டாம். அலை அள்ளிக்கொண்டு போயிருக்கலாம், புதுச் சேறு மூடியிருக்கலாம், மாதிரி எடுத்த இடம் மாறியிருக்கலாம். ஹோப்பேன் எண்ணெயோடேயே வரும், பாக்டீரியா லேசில் தொடாத சேர்மம். இப்போதைய எண்ணெய்-ஹோப்பேன் விகிதத்தை ஆரம்ப விகிதத்தால் வகுத்து, 1-லிருந்து கழித்தால் உண்மையில் சிதைந்த பங்கு கிடைக்கும். சி-17 (17 கார்பன் கொண்ட) நேர்ச்சங்கிலி ஆல்கேனை, மெதுவாகச் சிதையும் கிளைச்சங்கிலியான பிரிஸ்டேனோடு ஒப்பிடும் பழைய முறை ஆரம்ப வாரங்களுக்குச் சரி. பிறகு பிரிஸ்டேனும் சிதையத் தொடங்குவதால் சிதைவைக் குறைத்துக் காட்டும். தாவர மெழுகிலிருந்து வரும் சி-27, சி-29, சி-31 ஆல்கேன்களையும் எண்ணெய்க் கணக்கில் சேர்த்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அலையாத்திச் சேற்றில் இது பெரிய பிழையாகும்.

எண்ணெய் அளவும் நச்சும் ஒன்றாக இறங்கும் என்றும் சொல்ல முடியாது. அரைகுறையாகச் சிதைந்த பொருள்கள் சில நாள்களுக்கு மூல எண்ணெயைவிட நச்சாக இருப்பதுண்டு. ஆம்ஃபிபாட் எனும் சிறு ஓட்டுயிரிகளைச் சேற்றில் 10 நாள் விட்டு, எத்தனை பிழைக்கின்றன என்று பார்க்கும் சோதனையைத் தொடக்கத்திலும் நடுவிலும் முடிவிலும் செய்யுங்கள்.

நேர்ச்சங்கிலிகள் முதலில் போகும், பிறகு கிளைச்சங்கிலிகளும் சிறு அரோமாட்டிக்குகளும், கடைசியில் நான்கைந்து வளையங்கள் கொண்டவை. எண்ணெயின் கனமான தார்ப் பகுதிகளான ரெசினும் அஸ்ஃபால்டீனும் கிட்டத்தட்ட அப்படியே கிடக்கும். ஆகவே கனரக எரிஎண்ணெய் விஷயத்தில் எண்ணெய் குறைவதைக் காட்டும் வளைகோடு ஓரிடத்தில் தட்டையாகிவிடும். தொடர்ந்து மூன்று அளவீட்டில் எண்ணெய்-ஹோப்பேன் விகிதம் மாறவில்லை, துளைநீரில் நைட்ரேட்டும் இருக்கிறது, ஆக்சிஜனும் இருக்கிறது என்றால் உரத்தை நிறுத்துங்கள். ஆம்ஃபிபாட் பிழைக்கிறது என்றால் சேற்றை அப்படியே விடலாம். பிழைக்கவில்லை என்றால், உலர் எடையில் 2 முதல் 5 சதவீதம் செயலூட்டிய கரித்தூளை மேல் 10 செ.மீ.யில் கலந்து மீதமுள்ள அரோமாட்டிக்குகளைக் கட்டிப்போடலாம், அல்லது 30 செ.மீ. சுத்த மணலால் மூடலாம். இரண்டுக்கும் கரையோர அதிகாரிகளின் அனுமதியை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.